மெட்ரோவில் இன்னும் இரண்டு பெட்டி சேர்த்தால் கூட்டம் குறையாதா?

ஓசூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் பஸ்ஸில் பொம்மசந்திரா வந்து, 'நம்ம மெட்ரோ' என்கிற பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறுகிறார். ஆர்.வி. ரோட்டில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக் போகிறார். மஞ்சளில் உட்கார்ந்து வருபவருக்குப் பச்சையில் ஏறியதும் கை வைக்கக்கூட இடமில்லை. "இன்னும் இரண்டு பெட்டி சேர்த்தால் என்ன? இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் என்ன? நடுவில் ஒரு ஸ்டேஷனில் காரணமே இல்லாமல் நிறுத்தி வைக்கிறார்களே, அது எதற்கு? ஓசூருக்கே மெட்ரோ வந்துவிட்டால் இதெல்லாம் தீருமா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இருக்கிற தண்டவாளத்திலேயே கூட்டத்தைக் குறைக்க வழி உண்டா, உண்டு என்றால் ஏன் செய்யவில்லை?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டத்துக்காரன். வெளியூரில் ஒரு மெட்ரோவின் கன்ட்ரோல் ரூமிலும், அப்புறம் டைம்டேபிள் போடும் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பாலக்கோட்டில் இருக்கிறேன். பெங்களூரு மெட்ரோவில் வேலை பார்த்தவன் இல்லை. ரயில் ஓட்டம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். டெண்டர், கடன், இரண்டு மாநில அரசியல் பற்றிச் சொல்வதைப் பேப்பர் படிக்கிற ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டி. பெங்களூரு மெட்ரோ 2011-இல் பையப்பனஹள்ளி - எம்.ஜி. ரோடு இடையே ஓட ஆரம்பித்தபோது மூன்று பெட்டிதான். 2018-இலிருந்து படிப்படியாக ஆறு பெட்டி ஆக்கினார்கள். அது சுலபமாக முடிந்ததற்குக் காரணம், பிளாட்பாரத்தை ஆரம்பத்திலேயே ஆறு பெட்டி நீளத்துக்குக் கட்டியிருந்ததுதான். ஒரு பெட்டி சுமார் 21 மீட்டர் என்றால் ஆறு பெட்டி ஏறக்குறைய 130 மீட்டர். இதற்கு மேல் இரண்டு பெட்டி வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்டேஷனையும் 40 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும். மேம்பாலத்து ஸ்டேஷனில் அது பெரிய வேலை. மெஜஸ்டிக் போல பூமிக்கடியில் இருக்கிற ஸ்டேஷனில் நடக்காத வேலை என்றே வைத்துக்கொள்ளலாம். டெல்லியில் எட்டுப் பெட்டி ஓடுகிறதே என்பீர்கள். அங்கே அந்தத் தடங்களை எட்டுப் பெட்டிக்கு என்றே கட்டினார்கள். ஆக, பெட்டிக் கேள்விக்குப் பதில் உறுதியானது: முடியாது, அந்தக் கதவு கட்டும்போதே மூடியாயிற்று.

அடுத்து, எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில். இதற்கு ஒரு கணக்கு உண்டு, எந்த மெட்ரோவுக்கும் பொருந்தும். ஒரு ரயில் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனை போய்த் திரும்பி, மறுபடி புறப்படத் தயாராக எத்தனை நிமிடமோ, அதைக் கையில் இருக்கிற ரயில்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இடைவெளி. மஞ்சள் தடமே நல்ல உதாரணம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா பாதை திறந்தபோது மூன்று ரயில்தான் இருந்தது, இடைவெளி 25 நிமிடம். நாலாவது வந்ததும் 19 ஆனது, ஐந்தாவது வந்ததும் 15. மூன்றை 25-ஆல் பெருக்குங்கள், நாலை 19-ஆல், ஐந்தை 15-ஆல். எல்லாமே 75-ஐ ஒட்டி நிற்கும். ஒரு சுற்றுக்கு 75 நிமிடம் என்று இதிலிருந்தே பிடித்துவிடலாம். இதே பாதையில் 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் வேண்டுமென்றால் 15 ரயில் ஓட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 38. டிப்போவில் பராமரிப்புக்கு நிற்பவை இதில் சேராது. ரயில் வராமல் போனது பெரிய கதை. சீன கம்பெனியிடம் ஆர்டர், எல்லைப் பிரச்சினை, அப்புறம் மேற்கு வங்கத்து டிட்டாகரில் கட்ட ஏற்பாடு என்று வருடங்கள் ஓடின. தண்டவாளம் தயாராகி ரயிலுக்காகக் காத்திருந்த பாதை அது.

சரி, பணம் கொட்டி ரயில் வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அப்போதும் இரண்டு நிமிடம் தானாக வந்துவிடாது. லண்டனில் விக்டோரியா லைன் என்று ஒன்று. 21 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். மஞ்சள் தடம் 19 கிலோமீட்டர், அதற்கும் 16 ஸ்டேஷன். கிட்டத்தட்ட ஒரே அளவு. அங்கே 2017-இலிருந்து நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில், அதாவது 100 விநாடிக்கு ஒன்று. அதற்கு 47 ரயில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளி ரயில் எண்ணிக்கையால் மட்டும் வந்ததில்லை. பழைய சிக்னலைக் கழற்றிப் புதிது போட்டார்கள், ரயில் எல்லாமே ஒரே மாதிரி, கிளைப்பாதை கிடையாது, கடைசி ஸ்டேஷனில் ரயில் திரும்பும் முறையையும் மாற்றினார்கள்.

அந்தக் கடைசி விஷயத்தைப் பயணிகள் யாரும் கவனிப்பதில்லை. டைம்டேபிள் போடுகிறவனுக்குத் தூக்கம் கெடுவது அங்கேதான். முனையத்துக்கு ரயில் வருகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள். ஓட்டுநர் தன் கேபினைப் பூட்டி, பையை எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் கூட்டத்தை விலக்கி 130 மீட்டர் நடந்து மறுமுனை கேபினுக்குப் போய், சாவி போட்டு, பிரேக் சரிபார்த்து, சிக்னல் கேட்கிறார். எத்தனை வேகமாகச் செய்தாலும் மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும், பின்னால் வரும் ரயில் வெளியே நிற்கும். இதற்குப் பெரிய செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு ஓட்டுநரை அதிகப்படியாக மறுமுனையில் தயாராக நிற்க வைப்பது. ரயில் வந்து நின்ற உடனே அவர் அந்தப் பக்கக் கேபினில் ஏறிவிடுவார். வந்த ஓட்டுநர் நிதானமாக நடந்துபோய் அடுத்த ரயிலுக்குத் தயாராவார். ஒரு ஆள் சம்பளம் கூடும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு நிமிடம் மிச்சம். உலகத்தில் நெருக்கமாக ரயில் ஓட்டுகிற ஊர்களில் பலவும் இதைச் செய்கின்றன. ஓட்டுநர் இல்லாத ரயிலில் இந்தத் தொல்லையே இல்லை, கம்ப்யூட்டர் இரண்டு கேபினிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும். டெல்லி மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பரிலிருந்து அப்படி ஓடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல வருடம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனாக எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: பயணி படுகிற கூட்டத்துக்குக் காரணம் ரயில் போதாமை மட்டுமில்லை, ரயில்கள் சீரான இடைவெளியில் வராததும்தான். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் இரண்டு பஸ் ஒட்டினாற்போல வரும், முதல் பஸ்ஸில் படியில் தொங்குவார்கள், இரண்டாவதில் கண்டக்டர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஸ்டேஷனுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். பத்து நிமிடத்தில் இரண்டு ரயில். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் ஏறுவார்கள், சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடம். அதே இரண்டு ரயில் எட்டு நிமிடம் கழித்து ஒன்று, அடுத்த இரண்டு நிமிடத்தில் ஒன்று என்று வந்தால் முதல் ரயிலில் எண்பது பேர், இரண்டாவதில் இருபது பேர். நூற்றில் எண்பது பேர் அந்த நெரிசலுக்குள்ளேதான் பயணம் செய்கிறார்கள். சராசரிக் காத்திருப்பும் 3.4 நிமிடம் ஆகிவிடுகிறது. ஒரு ரயில்கூடக் குறையவில்லை. அறிக்கையில் "ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில்" என்றே இருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் பயணி சொல்கிற "எப்பப் பார்த்தாலும் கூட்டம்" என்பதும் உண்மை.

இடைவெளி ஏன் குலைகிறது? பெரும்பாலும் கதவு. ஆறு பெட்டிக்கு ஒரு பக்கம் 24 கதவு. 24-உம் மூடி, பூட்டிவிட்டது என்ற சமிக்ஞை வந்தால்தான் ரயில் நகரும். ஒரே ஒரு கதவில் ஒருவர் பையைச் செருகினால் மற்ற 23 கதவும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு முறைக்கு எட்டு விநாடி என்று வையுங்கள். பதினாறு ஸ்டேஷனிலும் இப்படி நடந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். தாமதமாகும் ரயிலுக்கு முன்னால் இடைவெளி நீள்வதால் அடுத்த ஸ்டேஷனில் வழக்கத்தைவிட அதிகம் பேர் காத்திருப்பார்கள். அவர்கள் ஏற இன்னும் நேரம் ஆகும், இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கோ ஆளே கிடைக்காது, அது ஓடி வந்து முன்னதை முட்டும் தூரத்தில் நிற்கும். முப்பது விநாடித் தாமதம் ஒன்று தானாகவே வளர்ந்து இரண்டு ரயில்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். திரையில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், புள்ளிகள் மெல்ல நெருங்கும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. காரணமே இல்லாமல் ஒரு நிமிடம் நிறுத்துகிறார்களே என்கிறீர்கள். பல சமயம், பின்னால் வரும் ரயில் தாமதமாகிவிட்டது என்பதற்காக முன்னால் போகும் உங்கள் ரயிலைப் பிடித்து வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிடுவது. உங்களுக்கு ஒரு நிமிடம் நஷ்டம். பின்னால் காத்திருக்கிற ஆயிரம் பேருக்கு நெரிசல் குறைகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் இந்த ஆர்டர் கொடுக்கும்போதெல்லாம் ஓட்டுநர்களிடமிருந்து திட்டு விழும், அவர்களுக்குப் பயணிகளிடமிருந்து திட்டு. "பின்னால் வரும் ரயிலில் கூட்டம் குறைவதற்காக நிற்கிறோம்" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். அதைச் சொல்ல வைக்க மேலிடத்தில் எத்தனையோ முறை கேட்டும் நடக்கவில்லை. எல்லா நிறுத்தமும் இதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன். சிக்னல் கோளாறும், முன்னால் ரயில் பிளாட்பாரத்தை விடாததும் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆர்.வி. ரோட்டில் உங்களுக்கு நடப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். மஞ்சள் ரயில் 15 நிமிடத்துக்கு ஒன்று, பச்சை 5 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மஞ்சள் ரயிலிலிருந்து மெஜஸ்டிக் பக்கம் போக 600 பேர் இறங்கினால் 600 பேரும் அடுத்து வருகிற முதல் பச்சை ரயிலில் பாய்வார்கள். அதற்கடுத்த இரண்டு பச்சை ரயிலும் அந்த ஸ்டேஷனில் சாதாரணமாக ஆளேற்றிக்கொண்டு போகும். மஞ்சளும் 5 நிமிடத்துக்கு ஒன்று ஆகிவிட்டால் அதே கூட்டம் 200, 200, 200 என்று பிரியும். பச்சைத் தடத்தில் ஒரு ரயில்கூடச் சேர்க்காமல், மஞ்சளில் சேர்ப்பதாலேயே பச்சையின் நெரிசல் குறையும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் பச்சை ரயிலை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் போகும், நிற்கவாவது இடம் கிடைக்கும். மாடிப்படி இறங்கிய இடத்திலேயே நிற்காமல் பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் நடந்துவிடுங்கள். படிக்கட்டுக்கு நேராக நிற்கும் இரண்டு பெட்டியில்தான் ஊரே ஏறும், எந்த ஊர் மெட்ரோவிலும்.

நிர்வாகம் செய்யக்கூடியது என்று என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் செலவாகும் வேலைக்கு முன்னால் சில சில்லறை வேலைகளைச் சொல்வேன். மாறும் ஸ்டேஷன்களில் காலை மூன்று மணி நேரமும் மாலை மூன்று மணி நேரமும் பிளாட்பாரத்தில் ஆள் நிறுத்துவது. டெல்லி ராஜீவ் சௌக்கில் அப்படி நிற்கிறார்கள். அவர்கள் வேலை கூட்டத்தை உள்ளே தள்ளுவது இல்லை, இறங்குபவர்களுக்கு வழி விட்டு, கதவு குறித்த விநாடியில் மூட வைப்பது. அப்புறம், நடுவழியிலிருந்து காலி ரயிலை நுழைப்பது. பர்ப்பிள் தடத்தில் காலை நேரத்தில் மெஜஸ்டிக்கிலிருந்தே ஒயிட்ஃபீல்டு பக்கம் காலி ரயில் விட்டுப் பார்த்தார்கள். 43 கிலோமீட்டர் முழுக்க ஒரே அளவு கூட்டம் கிடையாது, கூட்டம் இருக்கிற துண்டில் மட்டும் கூடுதலாக ஓட்டினால் அதே ரயில் இரண்டு மடங்கு வேலை செய்யும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இருப்பது கட்டணத்தில். நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் தள்ளுபடி என்பது கேட்க நன்றாக இருக்கும். சிங்கப்பூரில் 2013-இலிருந்து சில வருடம், நகர மையத்து ஸ்டேஷன்களில் காலை 7.45-க்குள் வெளியே வந்தால் டிக்கெட்டே இலவசம் என்று செய்து பார்த்தார்கள். இலவசம் கொடுத்தும் கொஞ்சம் பேர்தான் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரே நெரிசலின் உச்சியைச் சற்றுத் தட்டிவிடுவார்கள் என்பதும் உண்மை. பெங்களூரில் 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்த்தியபோது ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதத் தள்ளுபடியும், நெரிசலற்ற நேரத்தில் இன்னொரு 5 சதவீதமும் வைத்தார்கள். 60 ரூபாய் டிக்கெட்டில் கூடுதல் 5 சதவீதம் என்றால் 3 ரூபாய். மூன்று ரூபாய்க்காக அலார்ம் வைத்து ஒரு மணி நேரம் முன்னால் எழுகிறவர் யார்? எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகள் வேலை நேரத்தை ஆளுக்கு அரை மணி மாற்றிப் போட்டால் அது தள்ளுபடியைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம். எண்ணம் மட்டுமே, கம்பெனிகளை அப்படி இணங்க வைப்பது லேசில்லை.

கடைசியாக ஓசூர். பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குப் பாதை நீட்டினால் உங்களுக்கு பஸ் மாறும் தொல்லை போகும், அத்திப்பள்ளி டிராபிக் போகும். கூட்டம் குறையுமா என்றால், குறையாது, கூடும். இப்போது பொம்மசந்திரா முதல் ஸ்டேஷன் என்பதால் காலியாக நிற்கிற ரயிலில் ஏறுகிறீர்கள். ஓசூரிலிருந்து வந்தால் ஹெப்பகோடிக்காரர் நின்றுகொண்டு வருவார். அந்த ஆட்களும் அதே ஆர்.வி. ரோட்டில்தான் வந்து கொட்டுவார்கள். ஜெயதேவாவில் பிங்க் தடமும், சில்க் போர்டில் நீலத் தடமும் வந்து சேர்ந்தபிறகு அந்தச் சுமை பிரியும்.

மின்சாரச் சிக்கல் வேறு. பெங்களூரு மெட்ரோவுக்குத் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி. சென்னை மெட்ரோவுக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட் ஏசி. ஓசூர் பாதையைச் சென்னை முறையில் கட்டினால் ஒரே ரயில் நேராக ஓட முடியாது, பொம்மசந்திராவில் எல்லோரும் இறங்கி மாற வேண்டும். இரண்டிலும் ஓடும் ரயில் உலகத்தில் இல்லாமல் இல்லை, லண்டனில் தேம்ஸ்லிங்க் ரயில்கள் இதே இரண்டு முறையிலும் ஓடுகின்றன. விலையும் எடையும் கூடும், பராமரிப்பும் இரட்டிப்பு. இறங்கி மாறுவதாக இருந்தால் ஆர்.வி. ரோட்டில் நீங்கள் படுகிற பாட்டை பொம்மசந்திராவிலும் படுவீர்கள்.

என்னைக் கேட்டால் ஓசூர்க்காரர்கள் மெட்ரோவைவிட அழுத்தமாகக் கேட்க வேண்டியது ஏற்கெனவே இருக்கிற ரயில் பாதையைத்தான். தர்மபுரி, ஓசூர் வழியாகப் போகிற சேலம் - பெங்களூரு பாதை வெகுகாலமாக ஒற்றைத் தடம், அதில் பையப்பனஹள்ளி - ஓசூர் பகுதியை இரட்டிப்பாக்கும் வேலை எடுத்திருக்கிறார்கள். (கிருஷ்ணகிரி ஊருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, ஸ்டேஷனே கிடையாது, அது தனிப் புலம்பல்.) பெங்களூரு புறநகர் ரயிலின் ஒரு தடம் ஓசூர் பாதையில் இருக்கும் ஹீலலிகே வரை வரப்போவதாகத் திட்டம். மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஓசூரிலிருந்து மெஜஸ்டிக் போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அகலப் பாதையில் நாலைந்து இடத்தில் மட்டும் நிற்கும் மெமு (குறுந்தூர மின்சார ரயில்) அதைவிட வேகமாகப் போக முடியும், ஆட்களும் அதிகம் பிடிக்கும். எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இரட்டைப் பாதை முடிந்ததும் காலை 6 முதல் 9 வரை ஓசூரிலிருந்து அரை மணிக்கு ஒரு மெமு வேண்டும் என்று கேளுங்கள். "கூடுதல் ரயில்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஏழு மணிக்கு முன்னால் இரண்டு விட்டுவிட்டுக் கணக்கு முடித்துவிடுவார்கள். இடைவெளியை எழுதிக் கேளுங்கள்.